எடையில் குறைந்த தூள்

மணல் மாவையும் கரித்தூளையும் கலந்து உலையில் வைத்தால், மணலிலிருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சிலிக்கான் கார்பைடு. மூச்சு பட்டாலே புகையாய்க் கிளம்பும் நுண்தூள். உலை ஆறியதும் உள்ளே குனிந்து அதைப் பிரஷ்ஷால் கூட்டி அள்ளுவது எட்டு வருடமாக வேலம்மாளின் வேலை. ஆலையைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் வருகிற விருந்தினருக்கு ரப்பர் முகமூடி உண்டு. அவள் கேட்டதற்கு, "முந்தானையைக் கட்டிக்கம்மா" என்றார் மேனேஜர் தணிகாசலம். ஆனால் ஒவ்வொரு முறையும் வரவேண்டிய தூளில் சில கிராம் குறைந்தது. அது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் வேலம்மாளை நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்து, சேலை மடிப்பை உதறி, கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தாள் காவல்காரி. அவர் பக்கத்திலேயே நின்று, திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இன்று அவள் கக்கத்தில் ஒரு பெரிய பழுப்புக் கவர் இருந்தது.

"அதுல என்ன?" என்றார் தணிகாசலம்.

அவளே உருவினாள். எக்ஸ்ரே படம். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நுரையீரலிலும் வாரி இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

"எட்டு வருசமா தேடுனீங்களே சார், இந்தா இருக்கு உங்க தூளு. ஒரு கிராம்கூட நான் வெளியில விக்கல."

படத்தை அவர் கையில் திணித்துவிட்டு, சோதனைக்கு நிற்பதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"சீக்கிரம் எடுத்துக்கிட்டு என்னை அனுப்புங்க. பஸ்ஸு போயிடும்."