மூப்பரின் இடது கண்

மூன்றாவது பாட்டு பாதியில் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வரிசைக் குகன் மறுபடியும் எழுந்து வெளியே போனார்.

மேடையில் நின்று பாட்டு நடத்திக்கொண்டிருந்த மூப்பர் எட்வின் ஞானமணி, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு உருகித்தான் பாடினார். ஆனால் இடது கண் மட்டும் லேசாகத் திறந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எண்ணியும் முடித்துவிட்டது. இன்றைக்கு மட்டும் மூன்றாம் தடவை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் மாடியில் இருக்கிற சின்னச் சபை அது. ஏர்கானைப் போட்டு, கதவைச் சாத்தி, டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டால் கீழே தெருவில் என்ன நடந்தாலும் உள்ளே கேட்காது. கதவோரத்தில், கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கேட்கும்.

குகன் லோரி ஓட்டுகிறவர். சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அடுத்த ஞாயிறு போர்ட்டிக்சன் கடற்கரையில் ஞானஸ்நானம் எடுக்கப் பெயர் கொடுத்திருந்தார். விண்ணப்பப் பாரத்தில் எட்வின் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும்.

போன வாரம் எட்வின் நேரிலேயே கேட்டுப் பார்த்தார்.

"பிரதர், நீங்க இயேசுவ முழு இருதயத்தோட நேசிக்கிறீங்களா?"

"முழுசான்னு தெரியல எல்டர். முடிஞ்ச அளவு ட்ரை பண்றேன் லா."

லாவாம். கடைத்தெருவில் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற லா, ஆண்டவர் விஷயத்திலுமா? வீட்டுக்குப் போய் மனைவி கிருபாவிடம் சொல்லிச் சொல்லி எட்வினுக்கு ஆறவே இல்லை.

"நான் பாட ஆரம்பிச்சா எனக்கு உலகமே மறந்துடுது. இவருக்கு ஒன்றரை மணி நேரம் ஒரு எடத்துல உட்கார முடியல. வாரா வாரம் எங்க எழுந்து போறாரு? சிகரெட்டா? நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கா?"

"நீங்க பாட்டப் பாடுங்க. ஆள எண்ணாதீங்க," என்றாள் கிருபா.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று எட்வின் முடிவு செய்தார். மைக்கைக் கிருபாவின் கையில் திணித்துவிட்டு, படியில் சத்தம் வராமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார்.

கீழே மாமாக் டீக்கடையில் குகன் இல்லை. சிகரெட் வாசனையும் இல்லை.

சாலையோரம் ஒரு வெள்ளை மைவி காரின் பின்னால், குனிந்து இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார் குகன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. வருகிறவர்கள் ஏற்கெனவே நிற்கிற கார்களை அடைத்து, கியரை ஃப்ரீயில் விட்டுவிட்டுப் போவார்கள். வெளியே போக வேண்டியவர்கள் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு கார்கள் முன்னால் தள்ளப்பட்டு நின்றன.

உள்ளே மாட்டிக்கொண்ட காரின் பக்கத்தில் கொண்டையில் பூ வைத்த ஓர் ஆன்டி கொதித்துக்கொண்டிருந்தார். காருக்குள் அவர் வீட்டுக்காரர் சோர்ந்து போய்ச் சாய்ந்திருந்தார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே மைவி, இதே கூத்து. பத்தரைக்கு இவருக்கு டயாலிசிஸ். மனசாட்சியே கெடையாதா உனக்கு?"

"மன்னிச்சிடுங்க ஆன்டி. ஒரு நிமிசம்," என்றார் குகன், தள்ளிக்கொண்டே.

எட்வினின் உள்ளம் குளிர்ந்தது. காரை எல்லாம் அவர் பார்க்கவில்லை. அவர் வந்தது ஆளைப் பிடிக்க. தவிர, இந்த ஊரில் இரண்டுக்கு ஒன்று வெள்ளை மைவிதானே. தொண்டையைச் செருமினார்.

"நீங்க அந்தச் சர்ச்சா?" என்று ஆன்டி திரும்பினார். "பெரிய மனுசன் மாதிரி இருக்கீங்க, நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க. கண்ணாடியில போன் நம்பர் எழுதி வச்சிருக்கு. கூப்பிட்டா எடுக்கிறதே இல்ல. நான் ஹார்ன் அடிச்சு ஓஞ்ச பிறகு எறங்கி வர்றாரு."

இது போதாதா எட்வினுக்கு? மைக் இல்லாத குறைதான்.

"பிரதர் குகன், பக்கத்துல இருக்கிறவங்கள நேசிக்கத் தெரியாதவரு ஆண்டவர எப்படி நேசிப்பாரு?"

குகன் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க எல்டர்."

"சீக்காளி ஒருத்தர வெயில்ல காக்க வச்சிட்டு, மேல வந்து அல்லேலூயா சொன்னா ஆச்சா?"

"இல்லங்க எல்டர்."

"ஞானஸ்நானம் அடுத்த வருசம் பாத்துக்கலாம். நான் கையெழுத்துப் போடுறதா இல்ல."

தள்ளிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. குகன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சரிங்க எல்டர்," என்றார் கடைசியில். "அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் நேசிக்கக் கத்துக்கிறேன்."

மறுபடியும் குனிந்து தள்ளினார். கார் நகர்ந்து வழிவிட்டது.

ஆன்டிக்கே மனசு இளகிவிட்டது. "போதும், விடுங்க பாவம். போன எடுத்தா சரி."

"இல்லம்மா, சும்மா விடக் கூடாது. இப்பவே கூப்பிடுங்க. என் கண்ணு முன்னாடி எப்படி எடுக்காம இருக்காருன்னு பார்ப்போம்."

அதுவரைக்கும் எதற்கும் அசையாத குகன் பதறிப்போனார். "வேணாம் ஆன்டி. அதான் வழி கெடைச்சிருச்சே. அங்கிள் பாவம், நீங்க கெளம்புங்க."

"பாத்தீங்களா, பயத்த," என்றார் எட்வின். "நீங்க கூப்பிடுங்கம்மா."

ஆன்டி கூப்பிட்டார்.

குகனின் பையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எட்வினின் சட்டைப் பையில், இருதயத்துக்கு நேர் மேலே, கைப்பேசி அதிர ஆரம்பித்தது.