ஒரு மெயில் குறைகிறது

"மச்சான், அனுப்பின மெயிலைத் திரும்பப் பிடிக்க முடியுமா?"

கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தார் அத்தான். அந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவுத் தலைவர் அவர். மெயில் பிரிவை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொள்பவர், அவர் மனைவியின் தம்பி. அலுவலகத்தில் எல்லாருக்கும் 'மெயில்காரர்'. எட்டு மாதமாக அத்தான் வீட்டு மாடியறையில்தான் குடியிருப்பு. இருவரும் ஒரே காரில்தான் வேலைக்கு வருவார்கள்.

"யாருக்கு அனுப்பினது?" மெயில்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அத்தான் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எம்.டி.க்கு. லேட்டா வந்தேன்னு எட்டரை மணி மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கிழிச்சுத் தொங்கவிட்டாரு. சீட்டுக்கு வந்த சூட்டுல என்னென்னவோ எழுதி அனுப்பிட்டேன்."

"லேட்டானது என்னாலதானே அத்தான். விடிஞ்சப்புறம் கண் அசந்துட்டேன்."

"அதை விடு. பாப்பா ராத்திரி பூரா வாந்தி எடுத்தாளாமே! நீதான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியாம். இப்பத்தான் உங்கக்கா போன்ல சொன்னா. என்னை எழுப்பக் கூடாதா?"

"நீங்க விட்ட குறட்டையைக் கலைக்க மனசு வரல."

வேறொரு நாளாக இருந்தால் அத்தான் சிரித்திருப்பார். இன்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

"ஒன்பது நாப்பது."

"அப்போ இன்னும் போகல. ஒன்பதுக்கே வாசலை அடைச்சுட்டேன்."

"எந்த வாசலை?"

"மெயில் சர்வர்ங்கறது தபால்காரர் மாதிரி அத்தான். கொண்டு வர்றதை வைக்க ஒரு அலமாரி வேணும். பழைய அலமாரி நிறைஞ்சுபோச்சு. நாமளே புதுசா ஒண்ணு கட்டியிருக்கோம். அதை எப்படித் திறக்கறதுன்னு தபால்காரருக்குச் சொல்லிக் குடுக்கற புரோகிராம்தான் இது. பதினோரு மணிக்கு இணைப்பேன். அதுவரைக்கும் வந்ததெல்லாம் வாசல்ல வரிசையா நிக்குது."

"கடவுள் இருக்காரு! என்னுதை மட்டும் அழிச்சுடு."

"முடியாது." மெயில்காரரின் குரல் மாறியது. "போன வாரம் சோதனையில, இந்த அலமாரி உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே 'வெச்சுட்டேன்'னு பதில் சொல்லிடுச்சு. தபால்காரரும் அதை நம்பித் தன் கையில இருந்ததை அழிச்சுட்டாரு. ஏழு மெயில் காத்துல போச்சு. அதுலேர்ந்து ஒரு நோட்டு போட்டிருக்கோம். வந்தது எத்தனை, சேர்ந்தது எத்தனைன்னு எழுதணும். ஒண்ணே ஒண்ணு குறைஞ்சாலும் அனுப்பினவரும் பெற வேண்டியவரும் கையெழுத்துப் போடணும்."

"நல்லா இருக்கே! 'உங்களைத் திட்டி எழுதியிருக்கேன், படிக்காம இருக்கச் சம்மதமா'ன்னு அவர்கிட்டயே போய்க் கேக்கறதா?"

"கேட்டுப் பாருங்களேன். கடிச்சா தின்னுடப் போறாரு?"

"விளையாடாதே மச்சான்!"

சுவர்க் கடிகாரம் பத்து நாற்பதைக் காட்டியது. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

"நேர்ல சொல்லத் தைரியம் இல்லாமத்தான் எழுதித் தொலைச்சேன். அந்த மனுஷன் படிச்சா, அப்புறம் அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? மனசுல இல்லாததையெல்லாம் எழுதிட்டேன்டா."

மெயில்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, வரிசையில இருக்கான்னு முதல்ல பாக்கறேன்."

அத்தானின் முகவரியைத் தட்டினார். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அத்தான் எட்டிப் பார்ப்பதற்குள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அந்த வரியின்மேல் ஒருமுறை தட்டினால் போதும், எழுதியதெல்லாம் விரிந்துவிடும். விரல் அங்கேயே நின்றது.

"படிக்கறியா?" அத்தான் மேஜையை நெருங்கினார்.

"இல்ல. எனக்கு அது வேண்டாம்."

எந்த வேலையைத் தொடங்கும்போதும் ஒரு கணம் கண்மூடி வேண்டிக்கொள்வது மெயில்காரரின் வழக்கம். இப்போதும் கண்ணை மூடினார். திறந்தார். வேறொரு விசையை அழுத்தினார்.

"போயிடுச்சு அத்தான்."

"காப்பி எதாவது?"

"எங்கேயும் இல்ல."

"அப்போ நோட்டு? எம்.டி. கையெழுத்து?"

"அதை நான் பாத்துக்கறேன். பேசாம உக்காருங்க."

பதினோரு மணிக்குப் புதிய அலமாரி இணைந்தது. வாசலுக்கு வந்த மொத்தம் இருநூற்றுப் பதிமூன்று என்று திரையின் ஒரு மூலை காட்டியது. இன்னொரு மூலையில் எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல நகர்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டில் வந்து ஓய்ந்தது.

"ஒண்ணு குறையுது. கணக்கு சரி." மெயில்காரர் நோட்டில் ஏதோ எழுதி அத்தான் பக்கம் தள்ளினார். "அனுப்பியவர்னு இருக்கற இடத்துல போடுங்க. நாலு மணிக்கு பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும், காரை எடுத்து வைங்க. இன்னைக்கும் என்னால லேட்டாக வேண்டாம்."

அத்தான் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போன கை பாதியில் நின்றது.

'பெற வேண்டியவர்' என்ற கட்டத்தில் எம்.டி.யின் முகவரி இல்லை. 'இந்த வாரத்துக்குள் மாடியறையைக் காலி பண்ணு' என்று காலையில் அத்தான் உண்மையில் யாருக்கு எழுதினாரோ, அந்த முகவரிதான் இருந்தது. அதன் எதிரே 'முழுச் சம்மதம்' என்று எழுதி, மெயில்காரர் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.