பின் சீட்டுப் பாரம்

“பாட்டரி செத்துப் போச்சு, முசே” என்றான் டிரைவர் மருதை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.

கரும்பு வெட்டைப் பார்க்கக் காரை நிறுத்தி இறங்கியிருந்த பிரெஞ்சுக்காரத் தோட்ட மானேஜர் ஜெராருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீவில் அன்று 1948ஆம் ஆண்டுத் தேர்தல் நாள். ஃப்ளாக் ஊர் வாக்குச்சாவடி வாசலில் அவர் போய் நின்றால் போதும், தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் உள்ளே நுழையாமலே திரும்பிவிடுவார்கள். காரில் ஏறத் தெரியுமே தவிர, அவருக்கு ஓட்டத் தெரியாது.

“முன்னாடி கைப்பிடியைப் போட்டு இன்ஜினைச் சுத்துடா!”

“அது ஷெட்டிலே கிடக்குது, முசே. இனி தள்ளினாத்தான் உண்டு.”

சாலையில் முன்னே நான்கு பெண்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். மருதை ஹார்னை இரண்டு முறை ஓங்கி அடித்தான். கரும்புக்குள் இருந்த மைனாக்கள் பதறிப் பறந்தன. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்னால் நின்றவள் பொன்னம்மா. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால், கான் தெ மாஸ்க் கிராமத்து மாலை வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து எழுத்துக் கற்ற நால்வர் அவர்கள். அது தெரிந்தே அன்று கூடுதலாகக் கரும்பு வெட்டக் கொடுத்து, அவர்களை நேரங்கழித்து அனுப்பியிருந்தார் ஜெரார். இனி நடந்து போனால் சாவடிக் கதவு மூடித்தான் இருக்கும்.

“அலே, வந்து தள்ளுங்க!” என்று கத்தினான் மருதை.

“ஏன்டா, எங்களோட உக்காந்து எழுத்துப் படிச்சவன்தானே நீ? இப்ப அவரு காருக்கு எங்களை மாடாக்குறியா?” என்றாள் பொன்னம்மா. பிறகு ஜெராரைப் பார்த்துக் கையை நீட்டினாள். “இது இன்னைக்கு ஓட்டுப் போடப் போற கை, முசே. காரு தள்ளாது.”

“நாளையிலேருந்து உங்களுக்கு வேலை கிடையாது!”

“அதை நாளைக்குச் சொல்லுங்க. இன்னைக்கு வேலையை முடிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்” என்றாள் பின்னால் நின்ற பாக்கியம்.

மருதை ஜன்னல் வழியே தலையை நீட்டினான். “அவங்க தள்ளவே வேணாம், முசே. மழை பெஞ்ச மண்ணு, பின்னாடி பாரம் இல்லாட்டி சக்கரம் வழுக்கும். இவங்களை உள்ளே ஏத்துங்க. நீங்களும் முன் சீட்டுலே இருக்கிற ஆல்பெர் முசேயும் தள்ளுங்க. இறக்கம்தானே?”

“என் காரிலேயா? இவங்களா?”

“கல்லு வெச்சாலும் போதும். தூக்குறீங்களா?”

முன் சீட்டிலிருந்து இறங்கிய குமாஸ்தா ஆல்பெர், வயலோரம் குவிந்து கிடந்த கருங்கற்களைப் பார்த்தார். தன் வெள்ளைக் கால்சட்டையையும் பார்த்தார். “பொம்பளைங்களே இருக்கட்டும், முசே. கிளம்பினதும் இறக்கிவிட்டுடலாம்.”

பொன்னம்மா அசையவில்லை. பாக்கியம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாக்கா. முசே தள்ளுறதைக் கொஞ்ச தூரம் உக்காந்து பார்ப்போம்.”

நால்வரும் பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

“பூசே! தள்ளு!” என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு ஜெரார் தள்ளினார். தொப்பி சேற்றில் விழுந்தது. ஆல்பெர் முழங்கால் மடங்கி விழுந்து எழுந்தார். கார் இறக்கத்தில் உருண்டு, குலுங்கி, உறுமிக் கிளம்பியது.

“நிறுத்து! அதுகளை இறக்கு!”

“நிறுத்தினா மறுபடியும் செத்துடும், முசே!”

மருதை கியரை மாற்றினான். பின் கண்ணாடியில் இரண்டு சேறு படிந்த உருவங்கள் சிறுத்துக்கொண்டே போயின. பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஃப்ளாக்கில் சாவடிக் கதவு இன்னும் திறந்திருந்தது. வாசலில் மிரட்ட ஆளில்லாததால் வரிசை நீண்டிருந்தது. மருதை காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

“ஐயையோ, ஏன்டா அணைச்சே?” என்று பதறினாள் பொன்னம்மா. “எங்களை இறக்கிவிட்டுட்டு அப்படியே திரும்பிப் போய் அவரு காலிலே விழுந்திருக்கலாமே! இனி எப்படிக் கிளப்புவே?”

மருதை கீழே இறங்கி, பின் கதவைத் திறந்து பிடித்தான்.

“பாட்டரிக்கு ஒண்ணுமில்லக்கா. இறங்குங்க, எனக்கும் ஓட்டு இருக்கு.”