பேர் சொல்லக் கூடாத மிருகம்

"அண்ணே, தூரத்துல இருக்கறதைக் கிட்டக் காட்டற லென்ஸ் வேணும். விலை கம்மியா இருக்கணும்."

நாரின் என்ற மலையூரின் கடைவீதியில் பழைய கேமரா விற்கும் தொக்தோசுனுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் எப்போதுமே பிடிக்காது. எதிரே நின்ற புருல்ச்சாவை அளந்தார். புது மருமகளின் வெள்ளை முக்காடு. கையில் ஓர் ஆடு விற்ற காசு.

"எதைப் படம் பிடிக்கணும், தங்கச்சி?"

"பேரைச் சொல்லக் கூடாதுண்ணே. மாமனார் பேராச்சே!"

தொக்தோசுனுக்குப் புரிந்துபோயிற்று. அவருடைய அப்பா பெயர் தெமிர், அதாவது இரும்பு. தொக்தோசுனின் மனைவி இன்றுவரை இரும்பை 'கனமானது' என்றுதான் சொல்வாள்.

"நீ சொல்லாதே. நான் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டு. கரடியா?"

இல்லை.

"ஓநாய்?"

இல்லை.

"இல்பிர்ஸ்?"

தலை வேகமாக ஆடியது. பனிச்சிறுத்தைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஊர்க் கிழவர்களில் பாதிப் பேருக்கும் அதுதான் பெயர்.

"அடேயப்பா! கிட்டப் போக முடியாதே."

"போனா உறுமுவாரு."

"எப்ப வெளியில வரும்?"

"கறி வாசனை அடிச்சா வருவாரு. தின்னுட்டு மறுபடி படுத்துக்குவாரு."

மிருகத்தைக்கூட 'அவர்' என்கிறாளே! இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா? தொக்தோசுனின் மனம் உருகியது. விலை மட்டும் உருகவில்லை.

"அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்தான் சரி."

"முன்னூறு போதாதாண்ணே? ஞாயித்துக்கிழமைக்குள்ள படம் எடுக்கலைன்னா அந்த வீட்டுல நான் தலைகாட்ட முடியாது."

"முன்னூறுல எலி மாதிரி தெரியும். இதைப் பாரு, ஓரத்துல சின்னக் கீறல், அதனாலதான் இந்த விலை. மீசை முடியை எண்ணலாம்!"

"மீசைதான்ணே முக்கியம்!"

புருல்ச்சா வெள்ளிக் கம்மலைக் கழற்றிக் காசோடு சேர்த்து வைத்தாள். வருஷக்கணக்கில் தூசி தின்ற லென்ஸை, அவள் மனம் மாறுவதற்குள் தொக்தோசுன் காகிதத்தில் சுற்றிவிட்டார்.

"பாத்து, தங்கச்சி. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ. எந்த மலையில?"

"மலையா? எங்க வீட்டு வாசல்லதான்ணே! மாமனாருக்கு எழுபது வயசு விருந்து, அவர் படத்தைப் பெரிசா வைக்கணும். கேமராவோட கிட்டப் போனாலே மனுஷன் சாட்டையை எடுத்துடறாரு!"