வந்துட்டியா

கதவு மணி அடித்ததும் அவள் குனிந்தாள்.

குனிந்தால் காலணிதான் தெரியும். முகம் பிறகு. அலுவலகத்துக் கறுப்பு ஷூ, கல்லூரிக்காரனின் கிழிந்த கான்வாஸ், எதுவானாலும் வரவேற்பு ஒன்றுதான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

"வந்துட்டீங்களா, எஜமான்."

ஜப்பானில் வீடு திரும்புகிறவர் வாசலிலேயே 'வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் 'வந்துட்டியா' என்பார். நம் வீடுகளில் மறந்து போகும். அங்கே மறக்காது. ஆளில்லாத வீட்டில்கூடச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

அந்தச் சொல்லைத்தான் இந்த மாடிக் கடை விற்கிறது. காபி ஒரு சாக்கு.

டோக்கியோவில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி. கீழே பலகையில் பள்ளிச் சீருடையோடு அவள் படம். பெயர் மிமி. வயது பதினாறு.

போன வருடமும் பதினாறுதான். அந்தக் கடையில் பெண்களுக்கு வயது ஏறுவதில்லை. வருகிறவர்களுக்கு மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

பலகையைத் தாண்டித்தான் ஊர் போகிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் போகிறார்கள். போலீஸ்காரர் சைக்கிளில் போகிறார். 'எவ்வளவு அழகு' என்று நின்று படமெடுப்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட கடைகளைப் பற்றிப் பள்ளியில் எச்சரித்தார்கள், பெண்பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து. அந்த எஜமான்களை உட்காரவைத்துச் சொல்ல ஒரு பள்ளியும் இல்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒருமுறை கடைக்காரர் ஓகாவாவிடம் சொல்லிப் பார்த்தாள். குரலே உயராத மனிதர். அன்றும் உயரவில்லை.

"போயேன்மா, யார் தடுத்தா? இத்தனை நாள் டியூஷன்னு சொல்லிட்டு எங்க இருந்தேன்னு உங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். பாவம், அவங்க தாங்குவாங்களா?"

அவள் போகவில்லை.

ஆனால் வீட்டு வாசலில் 'வந்துட்டேன்' சொல்வது நின்றுபோனது. அடுப்படியிலிருந்து அம்மா 'வந்துட்டியா' என்பாள். பதிலுக்கு வாய் வராது. பொழுதெல்லாம் விற்ற சொல், வீட்டில் கேட்டால் குமட்டியது. சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் அம்மாவுக்குத் தெரியாது என்று இவள் நினைத்திருந்தாள்.

இப்போது, குனிந்த கண்ணுக்கு முன்னால் ரப்பர் பூட்ஸ்.

வெள்ளை. மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள் போடுவது. வலது காலில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிய ஒட்டு. ஒட்டியவள் அவள்தான். கோணலாக ஒட்டியிருந்தாள்.

"வந்துட்..."



அம்மா பூட்ஸைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறாள். சந்தையிலிருந்து நேராக. யார் சொன்னார்கள், எப்படிக் கண்டுபிடித்தாள், ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது. அம்மா தாங்கமாட்டாள்.

நிமிர முடியவில்லை.

மூலை மேசைக்காரர் போனைக் கீழே வைத்தார். ஓகாவா புன்னகையோடு எழுந்து வந்தார். சுவரோரம் வரிசையாக நின்ற மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூட்ஸ் ஓர் அடி முன்னால் வந்தது. மெழுகிய தரையில் ஈரத்தடம் விழுந்தது.

"வந்துட்டியா, சியோரி."

அடுப்படிக் குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை. சோறு ஆறுகிறதே என்கிற அவசரம்தான் இருந்தது.

சியோரி. அந்தக் கடைக்குள் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை.

ஓகாவா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்பதுதான் அவர் கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு. அந்த அம்மா இதோ மாடியேறி வந்து நடுக்கடையில் நிற்கிறாள். மனிதர் இனி யாரிடம் போய்ச் சொல்வார்? புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சியோரி நிமிர்ந்தாள்.

அம்மாவின் முகம் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளையும் சேர்த்து.

தலையில் கட்டியிருந்த முயல்காது ரிப்பனை அவிழ்த்து, பக்கத்து மேசையில் வைத்தாள். தலையைச் சாய்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"வந்துட்டேன்மா."

கடை முழுக்கக் கேட்டது. தனக்கு இவ்வளவு பெரிய குரலா என்று அவளுக்கே ஆச்சரியம். சொல்லாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லியதுபோல் இருந்தது. குமட்டவில்லை. சந்தோஷத்தில் காதெல்லாம் சுட்டது.

இன்னொரு முறைகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"வந்துட்டேன்."

அம்மா கதவைத் திறந்தாள். தாண்டும் முன் திரும்பி, சுவரோரம் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.  அவசரப்படவில்லை.

மணி அடித்துக் கதவு சாத்திக்கொண்டது.

படியில் மீன் வாடை. அம்மாவின் பூட்ஸ் தொப் தொப்பென்று முன்னால் இறங்கியது. கடைச் செருப்போடே வந்துவிட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். திரும்பிப் போகத் தோன்றவில்லை.

முதல் மாடி வளைவில் மேலே மணி மறுபடி அடித்தது.

அம்மா நின்றாள். அவளும் நின்றாள்.

படியேறி அவர்களைக் கடந்து யாரும் போயிருக்கவில்லை. கடைச் செருப்புகளின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து இறங்கி வந்தது.