பதினெட்டாவது சாவு

விஸ்காம் முடித்த கையோடு ஆதிரைக்கு சீரியலில் நடிக்கும் வேலை கிடைத்தது. இரண்டு நாள் அவளை நடக்கவைத்து, அழவைத்து, முழுசாகக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப்பிறகு சீரியல்களில் நடிப்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் உருவம்தான். அவளை யாரும் கூப்பிடவில்லை.

மூன்று வருடத்தில் பதினேழு சீரியலில் செத்துப்போனாள். சாவுக் காட்சி எடுத்ததும் நடிகரை கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது ஷூட்டிங் வழக்கம். தோஷம் கழியுமாம். இப்போது ஷூட்டிங் ஏது? அதனால் ஒவ்வொரு சாவுக்கும் அம்மா பரிமளமே செல்போனை நீட்டி, "சிரிச்சிருடி" என்பாள். ஆதிரையும் சிரித்துவைப்பாள்.

இன்றும் டிவியில் அவள் செத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த முறை அவளை எழுபது வயதுக் கிழவியாக்கியிருந்தார்கள். நரைத்த தலை, தளர்ந்த கழுத்து, கட்டிலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள்.

ஆதிரை தானாகவே செல்போனை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். "எடும்மா, சிரிச்சிடறேன்."

அம்மா போனை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்டி. நல்லா வாழ்ந்துட்டுத்தானே போற. இந்த வயசுல உன்னை நான் எங்க பார்க்கப்போறேன்?"

பிறகு கழுத்தை நீட்டி டிவியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகரு. மறைக்காத."