சுற்றாத விசிறி

"இன்னிக்கும் நல்ல சேதி இல்லேன்னா வீட்டை மறந்துட வேண்டியதுதாங்க" என்று டெக்னீஷியனிடம் அவன் மனைவி காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள்.

எண்ணெய்க் கிணற்றின் அடியில் ஓட்டத்தை அளக்கும் குட்டி விசிறியைக் கம்பியில் இறக்கியிருந்தான். மூன்றாம் முறையும் பூஜ்யம்தான் காட்டியது.

"விசிறி மக்கர் பண்ணுதோ?" என்றார் மேலதிகாரி.

"மேல இழுத்து ஊதிப் பார்த்துட்டேன் சார். ஜம்முனு சுத்துது. கீழேதான் ஓட்டமே இல்ல."

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் மனைவியை அழைத்தான்.

"விசிறி சுத்தலைம்மா. மூணு தடவை பார்த்துட்டேன்."

"நிஜமாவா?" அவள் அழுதேவிட்டாள். பிறகு அங்கிருந்தவர்களிடம் கத்தினாள்.

"கிணத்துக் கசிவு அடைபட்டுடுச்சாம்! எல்லாரும் மூட்டையக் கட்டுங்க, வீட்டுக்குப் போகலாம்!"

கசிவுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்களுக்கு முகாமாகியிருந்த பள்ளிக்கூடத்தில் எழுந்த கைதட்டல், போன் வழியே மேலதிகாரிக்கும் கேட்டது.